ஏரியில் நெத்திலி

ஈச்சமேட்டு ஏரியில் நெத்திலி இருக்கிறது என்று காகிதம் சொன்னது. நெத்திலியோடு விட்டதா என்றால் இல்லை. கடல் வாளை இருக்கிறதாம், காரப்பொடி மீன் இருக்கிறதாம், போதாக்குறைக்குச் சுறாவும் இருக்கிறதாம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு மேற்கே, கடலிலிருந்து இருபது கிலோமீட்டர் உள்ளே, ஆடி மாதத்தில் இடுப்பளவுகூடத் தண்ணீர் நிற்காத ஏரி அது. அதில் ஒரு சுறா நீந்த வேண்டுமென்றால் முதுகுக்குக் குடை பிடித்துக்கொண்டுதான் நீந்த வேண்டும்.

கிறிஸ்டினா முதலில் சிரித்தாள். ரயில் நிலையத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்த இரண்டு அறைதான் ஏரித் திட்டத்தின் அலுவலகம். அங்கே தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டே கடைசிப் பக்கத்துக்கு வந்தவள், அங்கிருந்த ஒரு வரியைப் படித்ததும் நிறுத்திவிட்டாள். 'கடல்மீன்களின் தடயம், மாதிரி எடுத்தவரின் உணவுப் பழக்கத்திலிருந்து வந்திருக்கலாம்' என்று எழுதியிருந்தது. மாதிரி எடுத்தவர் வேறு யாருமில்லை, அவள்தான்.

அவளுடைய வேலை என்னவென்று கேட்டால் ஊரில் பாதிப் பேர் 'ஏரியில தண்ணி புடிச்சிக்கினு போற பொண்ணு' என்பார்கள். அதில் தப்பும் இல்லை. தண்ணீரில் வாழ்கிற எதுவும் சும்மா இருப்பதில்லை. செதில் உதிர்க்கும், தோல் உதிர்க்கும், எச்சமிடும். உதிர்ந்ததிலிருந்து டி.என்.ஏ. துணுக்குகள் தண்ணீரில் கலந்து கொஞ்ச நாள் மிதக்கும். ஒரு லிட்டர் தண்ணீரை மெல்லிய ஃபில்டர் தாளில் வடிகட்டி, தாளில் தங்கியதை ஆய்வுக்கூடத்தில் படித்தால், வலை வீசாமல் தூண்டில் போடாமல் ஏரியில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பட்டியல் போட்டுவிடலாம். சேற்றில் ஒரு கரண்டி எடுத்தால் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்களின் பட்டியலும் கிடைக்கும். போலீஸ்காரர்கள் வீட்டுக்குள் போகாமல் குப்பைத்தொட்டியைக் கிளறிப் பார்ப்பதைப் போன்ற வேலை.

அந்த ஏரிக்கு இப்படிப்பட்ட வேலை தேவைப்பட்டதற்குக் காரணம் இருந்தது. இருபது வருடத்துக்கு மேலாக எங்கிருந்தோ வந்த கழிவு அதில் இறங்கிக்கொண்டே இருந்தது. எங்கிருந்து என்று கேட்டால் ஒவ்வொருவரும் பக்கத்துச் சுவரைக் காட்டினார்கள். கடைசியில் சென்னையிலிருந்து ஓர் ஆராய்ச்சிக் குழு வந்தது. கழிவு வரும் வாய்க்காலைத் திருப்பிவிட்டு, கறுப்புச் சேற்றை வாரிப் போட்டு, நீர் நுழைகிற இடத்தில் சம்புப் புல்லைப் பாத்தி பாத்தியாக நட்டு, சேற்றைச் சுத்தப்படுத்தும் பாக்டீரியாக்களை வளர்த்துக் கொண்டுவந்து விட்டார்கள். அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு முறை, ஆடி மூன்றாம் திங்கள்கிழமை, ஏரிக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று தண்ணீர் எடுத்துப் பார்ப்பது. மூன்று வருடமாக அந்தத் தண்ணீரை எடுத்தது கிறிஸ்டினா.

பொன்னேரியில் மைக்ரோபயாலஜி படித்துவிட்டு, நான்கு வருடம் ஒரு தொழிற்சாலையில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தவள் அவள். படித்த படிப்புக்கு வந்த முதல் வேலை இது. அதனால் வேலையில் அவளுக்கு ஒரு பைத்தியமே இருந்தது என்று சொல்லலாம். ஒவ்வோர் இடத்துக்கும் புதுக் கையுறை போடுவாள். பூட்ஸை பிளீச்சில் கழுவுவாள். தண்ணீர் எடுக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பிருந்தே வீட்டில் மீன் வாங்கக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தாள். கவரைப்பேட்டையில் மீன் இல்லாமல் சோறு இறங்காத ஆள் ஒருவர் உண்டென்றால் அது அவள் கணவன் சாம்சன். இரும்பு உருக்கும் ஆலையில் ஷிஃப்ட் முடித்து வந்து, தட்டில் எலுமிச்சைச் சோற்றைப் பார்த்துவிட்டு, "ஏரிக்கு ஒடம்பு சரியில்லன்னா நான் இன்னாத்துக்கும்மே பத்தியம் இருக்கணும்?" என்று கேட்பான். கேட்டுவிட்டுச் சாப்பிடவும் செய்வான்.

அப்படிப்பட்டவளைப் பார்த்துத்தான் உணவுப் பழக்கம் என்று எழுதியிருந்தார்கள். அந்தச் சொல் அவளுக்குப் புதிதில்லை. பள்ளிக்கூடத்தில் டிபன் டப்பாவைத் திறந்தால் பக்கத்தில் இருந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தது, கல்லூரி விடுதியில் ஒருத்தி 'உங்க ஆளுங்க' என்று ஆரம்பித்தது எல்லாம் அந்த ஒரு சொல்லில் வந்து நின்றன. கோபம் வந்தது. கோபத்தில் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

திட்டத்தின் தலைவர் குணாளன் சென்னையிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவர். நல்ல மனிதர். ஆனால் நல்லவர்களுக்கே உரிய குழப்பம் அவருக்கும் உண்டு. அந்த வரியை எழுதியது பரணிதரன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். திட்டத்துக்கு நிதி தருகிறவர்கள், எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க அமர்த்திய நிபுணர் அவர். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை. சுத்தமான தண்ணீர் நிரப்பிய ஒரு பாட்டிலை ஏரிக்கரையில் திறந்து அதையும் மற்றதைப் போலவே வடிகட்டுவது வழக்கம். எடுப்பவர் கையிலிருந்து ஏதாவது கலந்தால் அந்த வெற்று பாட்டில் காட்டிக்கொடுத்துவிடும். அன்றைக்கு அந்த பாட்டில் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அதைத் திறந்தது காலை எட்டு மணிக்கு, முதல் இடத்தில். நெத்திலி அதிகமாகத் தென்பட்டதோ நாலாவது இடத்தில், மதகுக்குப் பக்கத்தில். அங்கே தண்ணீர் எடுத்தபோது மணி ஒன்றரை. இரண்டுக்கும் நடுவில் அவள் சாப்பிட்டிருக்கிறாள்.

"எலுமிச்சைச் சோறு சார். தொட்டுக்க உருளைக்கிழங்கு," என்றாள்.

"நான் நம்பறேன் கிறிஸ்டினா. ஆனா என் நம்பிக்கைய ரிப்போர்ட்ல எழுத முடியாது."

இன்னொரு முறை எடுக்கலாம் என்று அவளே கேட்டாள். இந்த முறை வெற்று பாட்டிலை நான்கு இடத்திலும் திறந்தாள். குணாளன் கூடவே நின்று பார்த்தார். மூன்று வாரம் கழித்துப் பட்டியல் வந்தது. கடல்மீன் ஒன்றுகூட இல்லை. ஆனால் கெளுத்தி இருந்தது, குறவை இருந்தது, அயிரை இருந்தது, முதல் முறையாக விரால் இருந்தது. சேற்றில், உலோகக் கழிவில் மட்டுமே பிழைக்கிற பாக்டீரியா வகைகள் குறைந்து, சாதாரண நல்ல ஏரிகளில் இருக்கிற வகைகள் ஏறியிருந்தன. ஏரி பிழைத்துக்கொண்டது என்பதில் இனி யாருக்கும் சந்தேகம் இல்லை. குணாளன் கீழே போய் எல்லோருக்கும் பாதாம் பால் வாங்கி வந்தார்.

பாதாம் பால் தீர்வதற்குள் பரணிதரனிடமிருந்து பதில் வந்துவிட்டது. ஏரியைப் பற்றி அவருக்கு மிகுந்த மகிழ்ச்சி. இரண்டாம் முறை கவனமாக எடுத்ததில் கடல்மீன் காணாமல்போனதால், முதல் முறை நடந்தது கவனக்குறைவுதான் என்பது உறுதியாகிறது, இனி தண்ணீர் எடுக்க வேறு ஆளை அமர்த்துவது நல்லது என்று எழுதியிருந்தார். அடுத்த வாரம் நேரில் வந்து அறிக்கையை முடித்துவிடுவாராம்.

ஏரி தேர்வில் பாஸ், அவள் ஃபெயில். ஏரிக்காகச் சந்தோஷப்படாமல் இருக்கவும் அவளால் முடியவில்லை. விரால் என்ற பெயரைப் பட்டியலில் பார்த்தபோது உண்மையிலேயே நெஞ்சு நிறைந்திருந்தது. ஆனால் அந்த விராலைக் கண்டுபிடித்த கை அழுக்குக் கை என்று எழுத்தில் நிற்கப்போகிறது. வேலை போவதைவிட அதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. மறுபடி டேப் ஒட்டப் போனாலும் போகலாம், மீன் நாற்றத்தோடு போனாள் என்ற பெயரோடு போக முடியாது. வீட்டில் சாம்சன் இதைக் கேட்டதும் முதல் தடவையாக வேடிக்கை பேசவில்லை. மூன்று வருடம் தான் இருந்த பத்தியத்தை அந்த ஆளிடம் வந்து சாட்சி சொல்லட்டுமா என்று கேட்டான். புருஷன் சாட்சி எங்கே செல்லும் என்று சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை செடிகளின் பட்டியல் வந்தது. அதே ஆடித் தண்ணீரில் மீனுக்கு ஒரு சோதனை, செடிக்கு ஒரு சோதனை என்று தனித்தனி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். செடிக்காரர்கள் எப்போதுமே தாமதம். அது வந்தாலும் பெரிதாக யாரும் படிப்பதில்லை. கிறிஸ்டினா நாஷ்டாவுக்கு வாங்கிவந்த இட்லியைப் பிரித்து வைத்துக்கொண்டு, பெயர்களைத் தமிழில் எழுத உட்கார்ந்தாள். லத்தீன் பெயருக்கு எதிரே ஊர்ப் பெயரை எழுதுவது அவளுடைய பழக்கம். சம்பு, கோரை, அல்லி, ஆகாயத்தாமரை என்று வரிசையாக எழுதிக்கொண்டே போனாள். அடுத்து கேழ்வரகு வந்தது. அடுத்து கத்திரிக்காய், மொச்சை, புளி, வெங்காயம், முருங்கை, வேம்பு.

கை நின்றது. இட்லி ஆறிக்கொண்டிருந்தது. மேசை இழுப்பறையிலிருந்து மீன் பட்டியலை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். நெத்திலி, வாளை, காரப்பொடி, சுறா. இந்தப் பக்கம் கத்திரிக்காய், மொச்சை, புளி, வெங்காயம். அப்புறம் கேழ்வரகு, முருங்கைக்கீரை. வேப்பிலை. குணாளன், பரணிதரன், ஆய்வுக்கூடத்துக்காரர் என்று மூன்று நிபுணர்கள் மாதக்கணக்கில் பார்த்தது அந்த மீன் பட்டியல். மூவரும் நன்றாகப் படித்தவர்கள், மூவரும் அடுப்படிப் பக்கம் போகாதவர்கள். குணாளன் சைவம் வேறு. நெத்திலியை அவருக்கு லத்தீனில்தான் அறிமுகம்.

குணாளன் வந்து பையை வைப்பதற்குள் இரண்டு காகிதத்தையும் அவர் முன்னால் போட்டாள்.

"சார், இது ஏரி இல்ல. கருவாட்டுக் கொழம்பு. கூட கூழும் முருங்கக்கீரையும். ஆடிக்கூழ் ஊத்தின பாத்தரத்த ஏரியில கழுவிக்கீறாங்க."

அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. ஆடி மாதம் கெங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றுவது அந்தப் பக்கத்தில் ஒவ்வோர் ஊருக்கும் உண்டு. ஈச்சமேட்டில் அது மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை. அம்மனுக்குப் படைத்துவிட்டு ஊருக்கே கூழ் ஊற்றுவார்கள். தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக் குழம்பு. பழவேற்காட்டிலிருந்து கூடை கூடையாகக் கருவாடு வரும், என்ன கருவாடு என்றெல்லாம் பார்ப்பதில்லை, கலந்து போட்டால்தான் அந்தக் குழம்புக்கே ருசி. ஞாயிறு சாயங்காலம் பாத்திரம் கழுவியிருக்கிறார்கள், திங்கள் மத்தியானம் இவள் போய் அங்கே பாட்டிலை இறக்கியிருக்கிறாள். இரண்டாம் முறை எடுப்பதற்குள் அந்தத் துணுக்குகள் கரைந்துபோயிருக்கும். தண்ணீர் பொய் சொல்லவில்லை. அவள் கையும் பொய் சொல்லவில்லை.

தப்பு வேறோர் இடத்தில் இருந்தது. அதையும் அவளே சொன்னாள். அன்றைக்கு ஏரிக்கரைக்குப் போகும்போது வேப்பிலைத் தோரணத்தைப் பார்த்தாள், மூன்று கல் அடுப்பின் சாம்பலைத் தாண்டித்தான் மதகுக்குப் போனாள். கள நோட்டில் 'மற்ற விவரம்' என்ற இடத்தில் அதை எழுதியிருக்க வேண்டும். அவள் எழுதியது 'ஒன்றுமில்லை'. ஆடியில் கூழ் ஊற்றுவதை ஒரு விவரம் என்று யார் நினைப்பார்கள்? காலையில் சூரியன் உதித்தது என்று யாராவது நோட்டில் எழுதுவார்களா? அவளுக்கு அப்படித்தான் பட்டது. வெளியூர்க்காரியாக இருந்திருந்தால் முதல் வேலையாகப் புகைப்படமே எடுத்திருப்பாள்.

பரணிதரன் செவ்வாய்க்கிழமை வந்தார். ஐம்பது வயது, ஒல்லி, நெற்றி வியர்வையை ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை துடைக்கிறவர். எல்லோரும் மதகுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். சம்புப் பாத்திக்கு அந்தப் பக்கம் நாரைகள் நின்றன. கிறிஸ்டினா இரண்டு பட்டியலையும் காட்டி, தன் நோட்டில் விட்டதையும் மறைக்காமல் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. முழுக்கக் கேட்டார். கருவாட்டுக் குழம்பு என்ற இடத்தில் சிரிக்கவும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"கூழ் வருஷா வருஷம் ஊத்தறாங்களா?"

ஆமாம் என்றாள்.

"நீங்க வருஷா வருஷம் அடுத்த நாள்தான் தண்ணி எடுக்கறீங்க. அதே எடம். அப்போ மொத ரெண்டு வருஷம் நெத்திலி எங்க போச்சு?"

குரலில் விஷமம் இல்லை. கணக்கு வாத்தியார் ஒரு வரியைத் தாண்டிவிட்டாய் என்று சொல்கிற குரல்தான். ஆனால் கிறிஸ்டினாவுக்குக் காலுக்குக் கீழே கரை சரிந்த மாதிரி இருந்தது. அதை அவள் யோசிக்கவே இல்லை. குணாளனைப் பார்த்தாள், அவர் ஏரியைப் பார்த்தார். முதல் வருடமும் கூழ் ஊற்றினார்கள், இரண்டாம் வருடமும் ஊற்றினார்கள், அந்தப் பட்டியல்களில் ஒரு நெத்திலி முள்கூட இல்லை. இப்போது அவள் சொன்னதெல்லாம் மாட்டிக்கொண்டவள் கட்டிய கதையாக ஆகிவிட்டது. ஊற்றினவர்களையே கேட்கலாம் என்று மட்டும் சொன்னாள்.

கூழ் ஊற்றுவதைப் பொறுப்பாக நடத்துகிறவள் கன்னியம்மா. கோயிலுக்குப் பின்னால் வீடு. முன்பு ஏரிக்குக் கீழே நாற்று நட்டவள், இப்போது ஒரு தொழிற்சாலையில் துப்புரவு வேலை, மத்தியான ஷிஃப்ட். யார் வீட்டு அண்டா எவ்வளவு பிடிக்கும், கேட்டால் யார் முகம் சுளிப்பார்கள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். மூன்று பேர், அதிலும் ஒருவர் கையில் ஃபைலோடு, வாசலுக்கு வந்து நின்றதைப் பார்த்ததும் தலைமுடியைக் கோடாலி முடிச்சாக முடிந்துகொண்டு எழுந்தாள்.

குணாளன் வணக்கம் சொல்லி, இந்த வருடம் கூழ் ஊற்றிய பாத்திரங்களை ஏரியிலா கழுவினார்கள் என்று விசாரித்தார்.

"ஏரியிலயா? நாங்க இன்னாத்துக்கு ஏரியில கழுவறோம். யாரும் கழுவல," என்றாள் கன்னியம்மா.

கிறிஸ்டினாவுக்கு உடனே புரிந்துவிட்டது. ஏரிக்கரையில் நட்டிருந்த போர்டு. குப்பை கொட்டாதீர், அசுத்தம் செய்யாதீர், மீறினால் நடவடிக்கை என்று இவர்களே எழுதி நட்டது. ஃபைலோடு வந்தவர்களிடம் எந்தப் பொம்பளை ஒத்துக்கொள்வாள்? பரணிதரன் கைக்குட்டையை எடுத்தார். அவரைப் பொறுத்தவரை கேள்வி முடிந்துவிட்டது.

கிறிஸ்டினா முன்னால் போய்ப் படியில் உட்கார்ந்தாள். கன்னியம்மாவைத் தண்ணீர் எடுக்க வரும்போதெல்லாம் பார்த்திருக்கிறாள், நின்று பேசியதில்லை.

"யக்கா, உங்கள புடிச்சிக் குடுக்க நாங்க வரல. தண்ணியில கருவாடு கீதுன்னு டெஸ்ட்ல வந்துச்சி. நான் மீன் துன்ன கையோட தண்ணி எடுத்துட்டேன்னு எழுதிக்கீறாங்க. கழுவலன்னா கழுவலன்னே சொல்லு. கழுவினீங்கன்னா, அத்த நீதான் சொல்லணும். வேற யாரு சொன்னாலும் எடுபடாது."

கன்னியம்மா முதலில் கிறிஸ்டினாவைப் பார்த்தாள், அப்புறம் ஃபைலைப் பார்த்தாள், ஃபைலுக்கு மேலே இருந்த பரணிதரன் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னா சார், மீன் துன்னா கை கெட்டுப்பூடுமா?"

பரணிதரன் அப்படியில்லை என்று சொல்லிக்கொண்டே ஃபைலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"நாங்கதான் கழுவனோம்," என்றாள் கன்னியம்மா. "பன்னெண்டு அண்டா, அப்புறம் குண்டான் கரண்டியெல்லாம். புளி போட்டு, சாம்பல் போட்டு. சோப்பு போடல."

"போன வருஷம்?" என்று பரணிதரன் கேட்டார். கைக்குட்டை பாதி வழியில் நின்றிருந்தது.

"போன வருஷம் எங்க சார் கழுவறது? லாரித் தண்ணிதான். அதுக்கு முன்ன வருஷமும் லாரிதான். இந்த ஏரியில கைய வெச்சா ராவெல்லாம் அரிக்கும். ஒருதபா எங்க வீட்டுப் பித்தள அண்டாவ எறக்கிட்டேன், கறுத்துப்பூட்சி, இன்னி வரைக்கும் வெளுக்கல. அன்னிக்கு வுட்டதுதான். என் பெரிய பொண்ணு அப்போ கைக்கொழந்த. அவளுக்கு இப்போ இருவத்திரண்டு முடிஞ்சிட்சி."

பிறகு, இந்த வருடம் மட்டும் ஏன் என்று யாரும் கேட்காமலே சொன்னாள். குறவை துள்ளுகிறதைப் பார்த்தாளாம். கொக்கு வந்து நிற்கிறதைப் பார்த்தாளாம். நாற்றம் இல்லை. ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. ஆடி பிறப்பதற்கு முன்னாலேயே ஒரு சின்னப் பித்தளைச் செம்பை மட்டும் எடுத்துக்கொண்டு போய், மதகுப் படியில் தண்ணீருக்குள் வைத்துவிட்டு வந்தாள். ஒரு ராத்திரி, ஒரு பகல். எடுத்துப் பார்த்தால் வைத்தது வைத்தபடி பளிச்சென்று இருந்தது. தன் கையையும் முழங்கை வரைக்கும் விட்டுப் பார்த்தாள். அரிக்கவில்லை. அப்புறம்தான் மற்ற வீட்டுப் பெண்களிடம் சொல்லி, கூழுக்கு லாரித் தண்ணீர் வேண்டாம் என்று நிறுத்தியிருக்கிறாள்.

"எல்லாப் பொம்பளைங்களும் எறங்கிட்டாங்க. பாத்தரம் கழுவ வந்தவளுங்க குளிச்சிட்டே போனாளுங்க. பொழுது சாஞ்சி போச்சி, எவளும் ஏற மாட்றா."

குணாளன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அதில் தூசி ஒன்றும் இல்லை. மூன்று வருடமாக ஏரியில் உயிர் திரும்பிவிட்டதா என்று சேற்றிலும் தண்ணீரிலும் தேடியவர்கள் அவர்கள். எத்தனையோ பாக்டீரியா, எத்தனையோ மீன் என்று அட்டவணை போட்டவர்கள். இருபத்திரண்டு வருடம் கழித்து ஊர்ப் பெண்கள் தண்ணீரில் இறங்கியதும் அந்த அட்டவணையிலேயே இருந்தது, நெத்திலி என்ற பெயரில். அதைத்தான் எல்லோருமாகச் சேர்ந்து அழுக்கு என்று ஒதுக்கிவைத்திருந்தார்கள். கிறிஸ்டினாவுக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவில்லை. சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான்.

பரணிதரன் அந்த வாசலிலேயே ஃபைலைத் திறந்து, உணவுப் பழக்கம் என்ற வரியைப் பேனாவால் அடித்தார். ஒரு முறை அடித்தது போதாது என்று பட்டதோ என்னவோ, எழுத்து தெரியாதபடி மறுபடியும் அடித்தார். வேறு ஆளை அமர்த்துவது பற்றிய வரியையும் அடித்தார். பிறகு கிறிஸ்டினாவிடம் வந்து, இப்படி எழுதியிருக்கக் கூடாது, மன்னிக்க வேண்டும் என்றார். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. சரி சார் என்றாள்.

கன்னியம்மாவுக்கு இந்த அடிப்பதும் மன்னிப்புக் கேட்பதும் ஒன்றும் விளங்கவில்லை. ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். செருப்பு கிடைத்ததும் திரும்பினாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். நாங்க கழுவனதாலதான் உங்க டெஸ்ட்டு பேஜாரா பூட்ச்சின்றீங்க. அப்போ அடுத்த வருஷம் ஏரியில எறங்கலாமா, வேணாமா? அத்தச் சொல்லுங்க, லாரிக்காரனாண்ட முன்னாடியே சொல்லணும்."

பரணிதரன் குணாளனைப் பார்த்தார். குணாளன் கிறிஸ்டினாவைப் பார்த்தார். பதில் சொல்ல வேண்டியவள் அவள்தான் என்று அவர்களே முடிவுசெய்துவிட்டது போலிருந்தது.

"எறங்குங்கக்கா," என்றாள் கிறிஸ்டினா. "நான் பத்து நாள் கழிச்சி வந்து தண்ணி எடுத்துக்கறேன்."